ஊவாவின் தொகுதி எல்லைகளும் லுணுகலை வாக்குகளும்

புலம்பெயர்ந்து வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "பதுளை மாவட்டத்தில் இத்தனை தோட்டங்கள் இருக்கின்றனவே, நுவரெலியாவைப் போல அங்கே ஏன் தமிழர் பலமாகத் தெரிவாவதில்லை?" ஓரிரு வரிகளில் பதில் எழுதிவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுத எழுத அது எண்பது வருடக் கதையாக நீண்டது. ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் ஏ-5 வீதியில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையில் இருக்கிறது லுணுகலை. மலைநாடு முடிந்து கிழக்கின் வரண்ட வலயத்தை நோக்கி நிலம் இறங்கத் தொடங்கும் இடம். ஹொப்டன், அடாவத்தை, ஷோலண்ட்ஸ் முதலிய தோட்டங்கள் சுற்றிலும் உள்ளன. அவற்றுக்குக் கீழே பள்ளங்களில் வயலும் தோப்பும் கொண்ட சிங்களக் கிராமங்கள். கடைவீதியில் மூவினத்தவரும் இருப்பர். இந்த நில அமைப்பை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் தேர்தல் கணக்குகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம் முடியும் இடத்தில் அடுத்த தோட்டம் தொடங்கும். ஊவாவில் அப்படி இல்லை. இங்கே தோட்டங்கள் தீவுகள். கிராமங்கள் அவற்றைச் சூழ்ந்த கடல்.

தேர்தல் இரவுகளில் செய்தி ஆசிரியபீடத்தில் இருந்தவர்களுக்கு இந்த அறிவிப்பு மனப்பாடம்: "பதுளை மாவட்டம், பசறை தேர்தல் தொகுதி." லுணுகலையின் வாக்குகள் அந்தத் தொகுதிக்குள்தான் எண்ணப்படுகின்றன. மஹியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று மாவட்டத்தில் ஒன்பது தொகுதிகள். உண்மையில் 1989 இற்குப் பிறகு இவற்றில் எதுவும் தனியாக ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்வதில்லை. 1976 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின் எச்சங்களே இப்பெயர்கள். இன்று அவை வாக்கு எண்ணும் அலகுகள் மட்டுமே. இருந்தும் கட்சி அமைப்பாளர்கள் இப்பெயர்களின் பேரில்தான் நியமிக்கப்படுகிறார்கள். பழைய கோடுகள் இலேசில் அழிவதில்லை.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குவோம். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, தோட்டத் தொழிலாளருக்கும் அதைக் கொடுப்பதா என்பது அப்போதே பெரிய சர்ச்சையாக இருந்தது. நிரந்தர வசிப்பு என்ற நிபந்தனை நுழைக்கப்பட்டது அதன் விளைவே. அதையும் மீறி முதலாவது தேர்தலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராயினர். 1939 இல் அத்தொகை இரண்டே கால் இலட்சம் வரை உயர்ந்தது. ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி அமைச்சரானார். அடுத்து 1936 இல் அதே ஹட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். ஆனால் 1937 இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளருக்கு அங்கே வாக்கு மறுக்கப்பட்டது. சட்டசபைக்கு வாக்களிக்கலாம், தன் வீட்டு வாசல் பாதைக்கு வாக்களிக்க முடியாது என்ற விநோதம் அன்றே ஆரம்பமாகிவிட்டது.

ஊவாவைப் பொறுத்தவரை திருப்புமுனை வாக்குச் சாவடியில் நிகழவில்லை, தோட்டத்தில் நிகழ்ந்தது. 1940 இல் பதுளைக்கு அண்மையில் உள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம். தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, அதனுடன் ஆலோசித்தே நிர்வாகம் நடத்தத் துரையை இணங்க வைத்தனர். லங்கா சமசமாஜக் கட்சி அவ்வட்டாரத்தில் வேரூன்றியிருந்தது. அதன் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் சட்டத்தரணி ஜே. சி. டி. கொத்தலாவல. 'ஜக் கொத்தலாவல' என்றால்தான் ஊவாவின் பழைய தலைமுறைக்குத் தெரியும். ஒரு சிங்கள இடதுசாரி வழக்கறிஞருக்குத் தோட்ட லயங்களில் செல்வாக்கு இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் வந்தது சோல்பரி ஆணைக்குழு. அது ஏற்றுக்கொண்ட தொகுதி நிர்ணய விதி எளிமையானது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர். அத்துடன் 1,000 சதுரமைலுக்கு ஓர் உறுப்பினர் மேலதிகமாக. மக்கள் செறிவு குறைந்த பின்தங்கிய மாகாணங்களுக்குப் பரப்பளவால் நன்மை கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஊவா அத்தகைய மாகாணம். இந்த 75,000 என்பது வாக்காளர் தொகையன்று, குடிசனத் தொகை. கைக்குழந்தையும் கணக்கில் சேரும். லயத்தில் வாழ்பவரும் சேருவார். இப்படி 89 தொகுதிகளில் 95 பேர் தெரிவு செய்யப்படுவர். இவ்விதியின்படி 14 இந்தியத் தமிழர் வரை தெரிவாகக்கூடும் என்பதே அன்றைய மதிப்பீடு.

இன்னொரு முக்கியமான ஏற்பாடும் அதில் இருந்தது. ஒரு பகுதியில் சிறுபான்மையினர் கணிசமாக இருந்து, ஆனால் தனித்தொகுதி வெட்டிக் கொடுக்க இயலாதவாறு கலந்து வாழ்ந்தால், அங்கே பல அங்கத்தவர் தொகுதியை அமைக்கலாம். நாடு முழுவதிலும் ஐந்தே இடங்களில் இது செய்யப்பட்டது. கொழும்பு மத்திக்கு மூவர். கடுகண்ணாவ, அம்பலாங்கொடை-பலப்பிட்டி, பலாங்கொடை, பதுளை ஆகியவற்றுக்கு இருவர் வீதம். பதுளையின் பெயர் இப்பட்டியலில் இருப்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். தீவுகளாகக் கிடக்கும் தோட்டங்களைக் கோடு கிழித்து ஒன்றாக்க முடியாது. ஆகவே தொகுதியைப் பெரிதாக்கி, ஆசனத்தை இரண்டாக்கினார்கள். ஊவாவின் நிலத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு அதுவே என்பது என் அபிப்பிராயம்.

அது வேலை செய்தது என்பதற்கு 1947 தேர்தல் சாட்சி. பதுளையிலிருந்து இருவர் நாடாளுமன்றம் சென்றனர். ஒருவர் சமசமாஜக் கட்சியின் ஜே. சி. டி. கொத்தலாவல. மற்றவர் இலங்கை இந்தியர் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா. ஒரு சிங்களவர், ஒரு தமிழர்; இருவருமே தோட்ட மக்களுக்கு அந்நியரல்லர். அதே தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோரும் காங்கிரஸ் சார்பில் தெரிவாயினர். மதிப்பிடப்பட்ட 14 இல் ஏறத்தாழப் பாதி. ஆயினும் கொழும்பில் ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சியை இந்தப் பாதியைவிட வேறொன்று கலங்க வைத்தது. தமிழர் வெல்ல முடியாத தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளை வெல்ல வைத்திருந்தன. பதுளையின் முடிவு அதற்கு நல்ல உதாரணம்.

பின்னால் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய-பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் என்று மூன்று படிகள். முதலாவது சட்டத்தில் குடியுரிமை போனது. மூன்றாவதில், குடியுரிமை இல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து போனது. 1947 இல் சுமார் 19,000 வாக்காளரைக் கொண்டிருந்த தலவாக்கலைத் தொகுதியில் 1952 இல் எஞ்சியவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தத் தேர்தலில் மலையகத்திலிருந்து ஓர் இந்திய வம்சாவளித் தமிழர்கூடத் தெரிவாகவில்லை. பதுளையில் சுப்பையாவின் இடமும் போயிற்று. நீதிமன்றக் கதவும் தட்டப்பட்டது. கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953 இல் சட்டம் செல்லுபடியாகும் என்ற தீர்ப்புடன் முடிந்தது.

எல்லாரும் எழுதுவது இதுவரைதான். நான் சொல்ல விரும்புவது இதன் மறுபக்கம்.

வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரை நீக்கினார்கள்; ஆனால் தொகுதிக் கணக்கிலிருந்து தலையை நீக்கவில்லை. 1952 இல் தொகுதிகள் அப்படியே இருந்தன. 1959 தொகுதி நிர்ணயத்திலும் குடிசனத் தொகையே அடிப்படை. தெரிவாகும் உறுப்பினர் தொகை 151 ஆக உயர்ந்தது. 145 தொகுதிகள் வந்தன. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட மக்களின் தலைகள் எண்ணப்பட்டு, அதற்கேற்ப ஊவாவுக்கும் மத்திய மாகாணத்துக்கும் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை அத்தலைகளுக்கு இல்லை. விளைவு என்ன? கண்டிய மாகாணங்களில் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யத் தேவைப்பட்ட வாக்காளர் தொகை, கரையோர மாகாணங்களைவிடக் குறைந்தது. மலைநாட்டுச் சிங்கள வாக்காளரின் ஒரு வாக்கு, கொழும்புப் பக்கத்து வாக்கைவிடக் கனமாயிற்று. அந்தக் கனம் லயத்திலிருந்து வந்தது.

உலகில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1787 இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, மாநிலங்களுக்குக் காங்கிரஸ் ஆசனங்களைப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. அடிமைக்கு வாக்கு இல்லை. ஆனால் அவன் உடலால் தெற்கு மாநிலங்களின் எசமானர்களுக்கு ஆசனம் கூடிற்று. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 இல் வந்த 14 ஆவது திருத்தமே அதை நீக்கியது. அங்கே ஐந்தில் மூன்று. எங்கள் லயத்து மனிதனோ முழுத் தலையாக எண்ணப்பட்டான். அந்த வகையில் நாம் முன்னேறியவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்!

நியாயத்துக்காக மறுதரப்பையும் சொல்ல வேண்டும். கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தம் மேட்டுநிலங்களை இழந்த கிராமத்தவரின் மனக்குறை போலியானதன்று. 1817-18 ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அடக்கப்பட்ட விதத்தின் வடு அம்மாகாணத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. கண்டிய விவசாயிகளின் வறுமையை ஆராய 1949 இல் ஆணைக்குழு நியமிக்கப்பட்டதும் காரணமின்றியல்ல. "எங்கள் தலைமேல் வெளியார் வாக்கு" என்ற அச்சத்தை அரசியல்வாதிகள் அங்கே இலகுவாக விற்றனர். ஆனால் அந்தக் காணியைப் பிடுங்கியவன் லயத்தில் இருக்கவில்லை என்பதைக் கிராமத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் போனவர்கள் போக, இருந்தவர்கள் இடாப்பில் பெயரில்லாமலே இருந்தனர். அந்நாட்களில் மலையகத்துக்கு நாடாளுமன்றத்தில் இருந்த குரல் நியமன உறுப்பினர் குரலே: 1960 இல் தொண்டமான், 1965 இல் தொண்டமானுடன் வி. அண்ணாமலை, 1970 இல் ஏ. அஸீஸ். பிரதமர் மனம் வைத்தால் ஆசனம்.

1976 தொகுதி நிர்ணயம் இங்கே கவனிக்கத்தக்கது. நாட்டில் 160 தொகுதிகள், 168 உறுப்பினர்கள். நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. 1977 இல் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். முப்பது வருடங்களுக்குப் பின் மக்கள் வாக்கால் கிடைத்த முதல் மலையக ஆசனம் அது. பதுளைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. 1947 இல் இரட்டை அங்கத்தவர் தொகுதி ஒன்றைக் கொண்டிருந்த பதுளை மாவட்டம், இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்ற ஒன்பது துண்டுகளாகிவிட்டிருந்தது. பசறைத் துண்டுக்குள் லுணுகலை. எந்தத் துண்டிலும் தமிழர் பெரும்பான்மை இல்லை. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடையிலான வேறுபாடு எங்கே தொடங்கியது என்று கேட்ட வாசகருக்கு இதுவே என் பதில்.

ஊவாத் தமிழரை மீட்டெடுத்தது விகிதாசார முறை. 1978 அரசியலமைப்பு முழு மாவட்டத்தையும் ஒரே தேர்தல் மாவட்டமாக்கிற்று. தோட்டத் தீவுகளைப் பிரித்த கோடுகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. அம்முறையில் முதலாவது பொதுத்தேர்தல் 1989 இல் நடப்பதற்குள், 1986 இலும் 1988 இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை வழங்கியிருந்தன. எஞ்சியோருக்கு 2003 இல் கிடைத்தது. வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. பதுளை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் சுமார் 18 விழுக்காடு. இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட தோட்ட மக்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் இரண்டு தமிழ் வேட்பாளர்கள் நின்று, தோட்ட மக்கள் தம் விருப்பு வாக்குகளைச் சிதறவிடாமல் அவ்விருவருக்கும் இட்டால் இருவருமே வெல்லலாம். கணக்கு அவ்வளவு எளிது. ஆனால் ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒவ்வொரு பட்டியலில் ஆளை நிறுத்தினால் எல்லாரும் தோற்கலாம். அதுவும் அவ்வளவே எளிது.

இரண்டும் நடந்திருக்கின்றன. 2004 இல் எம். சச்சிதானந்தனும் வடிவேல் சுரேஷும் பதுளையிலிருந்து தெரிவாயினர். 2010 இல் வாக்குகள் சிதறி, ஒரு தமிழர்கூட இல்லை. ஐந்து வருடங்கள் மாவட்டத்தின் தோட்ட மக்களுக்கு நாடாளுமன்றத்தில் தம்மவர் எவரும் இருக்கவில்லை. 2015 இலும் 2020 இலும் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் என்று மீண்டும் இருவர். 2024 நவம்பர் 14 தேர்தலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களில் ஆறைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. அந்த ஆறில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்ற இரு மலையகத் தமிழர். பழைய தொழிற்சங்கப் பெயர்கள் எதுவுமின்றித் தெரிவானவர்கள். அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் வென்ற கலைச்செல்வியுடன் சேர்ந்து, மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் பெண்களில் ஒருவர். கொழுந்துக் கூடையைப் பெண்கள் சுமக்க, மேடையை ஆண்கள் சுமந்த சமூகத்தில் இது மிகத் தாமதமாக வந்த மாற்றம்.

எனினும் கோடுகளின் கதை முடியவில்லை. 2014 செப்டெம்பர் 20 ஊவா மாகாண சபைத் தேர்தலுக்கு முன், பதுளை மாவட்டத்துக்கு இருந்த 21 ஆசனங்கள் 18 ஆகக் குறைக்கப்பட்டு, மொனராகலைக்கு 11 இலிருந்து 14 ஆக உயர்த்தப்பட்டன. மூன்று ஆசனங்கள் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கின. வாக்காளர் தொகையில் பதுளை எவ்வளவோ பெரியது. மாகாணத்தின் தமிழ் வாக்குகள் அதிகம் உள்ளதும் பதுளையில்தான். இழப்பு யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

2017 இல் மாகாண சபைகளுக்குக் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது: பாதி உறுப்பினர் தொகுதிகளிலிருந்து, பாதி விகிதாசாரத்தில். அதற்காகத் தயாரிக்கப்பட்ட தொகுதி நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அரசாங்கமே எதிர்த்து வாக்களித்த அதிசயம் அது. ஊவா மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகமே.

பிரதேச சபைகளில் கலப்பு முறை ஏற்கெனவே நடைமுறையில் உண்டு. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. மலையகக் கட்சிகள் அதற்காகப் போராடின, பெற்றன. பதுளை மாவட்டத்தில் அப்படிப்பட்ட பிரிப்பு எதுவும் நிகழவில்லை. அதே 2018 இல்தான் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. 1987 முதல் அதுவரை, தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடப் பிரதேச சபை பணம் செலவிடச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. முப்பது வருடம் லுணுகலைத் தோட்டங்களின் மக்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களித்தார்கள். அந்த வாக்கால் தெரிவானவர் அவர்களது லயத்துக்கு ஒரு கொங்கிறீட் படி போட்டுக் கொடுக்கவும் சட்டம் தடையாக இருந்தது.

மாகாண சபைத் தேர்தல் பழைய முறையிலா, புதிய முறையிலா என்ற விவாதம் எழும்போதெல்லாம் கொழும்பில் அது சட்ட நுணுக்கமாகப் பேசப்படுகிறது. ஊவாவில் அது வேறு விஷயம். தொகுதி முறை திரும்பினால், லுணுகலையின் தோட்டங்கள் பசறைக் கிராமங்களோடு ஒரு துண்டாகுமா, மடூல்சீமைத் தோட்டங்களோடு சேருமா, அல்லது இருவர் தெரிவாகும் ஒரு பெரிய தொகுதிக்குள் வருமா என்பதே கேள்வி. இரட்டை அங்கத்தவர் தொகுதி என்பது நாம் புதிதாகக் கேட்கும் சலுகையன்று. 1947 இல் பதுளைக்கு அது இருந்தது. கொத்தலாவலவும் சுப்பையாவும் அதன் வழியாகத்தான் சென்றனர். அடுத்த தொகுதி நிர்ணய ஆணைக்குழு பொதுமக்களிடம் முன்மொழிவு கோரும் நாளில், லுணுகலையிலிருந்தும் மடூல்சீமையிலிருந்தும் செல்லும் கடிதங்களில் இந்த ஒரு வரியாவது இருக்கட்டும்.